புதிய பேட் போட்ட பிறகும் பிரேக் பிடிக்கவில்லையா? காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

மோட்டார் சைக்கிளின் முன்சக்கர டிஸ்க் பிரேக்கில் தேய்ந்த பேடுகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்துவது, நான்கைந்து கருவிகள் இருந்தால் வீட்டு வாசலிலேயே முடித்துவிடக்கூடிய வேலைதான். ஆனால் வேலையை முடித்து வண்டியை எடுத்ததும், பழைய பேடில் இருந்த பிடிப்புகூட இப்போது இல்லையே என்று பலர் திகைக்கிறார்கள். உடனே ஆயிலில் 'ஏர் ஏறிவிட்டது' என்று முடிவுகட்டி, பிரேக் ஆயில் மூடியைத் திறந்து ஏர் எடுக்க, அதாவது உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் இது தவறான தொடக்கம். பேடை மாற்றும்போது ஆயில் ஓடும் பாதையை நாம் எங்கும் பிரிப்பதில்லை; ஹோஸைக் கழற்றாமல், காற்றை வெளியேற்றுவதற்கான சிறு திருகான பிளீடர் நிப்பிளைத் திறக்காமல் வேலை நடந்திருந்தால், காற்று புதிதாக உள்ளே புகுவதற்கு வழியே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியவை நம் கை பட்ட இடங்கள்: பேட், டிஸ்க், பேடைத் தள்ளும் பிஸ்டன், பேடுகளைத் தாங்கும் காலிப்பர் நகரும் பின்கள். அவற்றைச் சரிபார்த்து முடித்த பிறகே ஆயிலின் பக்கம் போக வேண்டும்.

இங்கே சொல்லப்படும் முறைகள், நம் சாலைகளில் அதிகம் ஓடும் 150 முதல் 200 சிசி வரையிலான வண்டிகளின் முன் பிரேக்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இவற்றில் பெரும்பாலானவற்றில் காலிப்பரின் ஒரு பக்கத்தில் மட்டுமே பிஸ்டன் இருக்கும்; பிஸ்டன் தன் பக்கத்துப் பேடை டிஸ்கின் மீது தள்ள, அதன் எதிர்விசையில் காலிப்பர் உடலே இரண்டு பின்களின் மேல் நகர்ந்துவந்து எதிர்ப்பக்கப் பேடையும் டிஸ்கின் மீது அழுத்தும். இந்த நகர்வை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல கோளாறுகளின் காரணம் எளிதில் விளங்கும்.

லீவரை அழுத்திப் பார்த்துக் காரணத்தைப் பிரித்தறிதல்

புதிய பேட் பழையதைவிடத் தடிமனானது என்பதால், அதற்கு இடம் கொடுக்கப் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்போம். அந்தப் பிஸ்டன் மீண்டும் வெளியே வந்து பேடைத் தொடும்வரை லீவரின் முதல் சில இழுப்புகள் வெற்றாகவே போகும். எனவே வண்டியை நகர்த்துவதற்கு முன்பே, நின்ற இடத்திலேயே லீவரைப் பலமுறை இழுத்துவிட்டு, அது கெட்டிப்படுவதை உறுதிசெய்ய வேண்டும். இதை மறந்துவிட்டுத் தெருமுனை வரை போனவர்களுக்கு அங்கே பிரேக்கே இருக்காது. பேட் மாற்றும் வேலையில் இதைவிட ஆபத்தான மறதி வேறில்லை. இழுக்கும்போது கைப்பிடியில் இடிக்கும் அளவுக்கு ஓங்கி இழுக்காமல், பாதித் தூரம் வரை நிதானமாக இழுப்பது நல்லது. பல ஆண்டு ஓடிய வண்டியில், லீவரின் இழுப்பை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரில், வழக்கமாக ரப்பர் சீல் போய்ச் சேராத ஆழத்தில் அழுக்கும் அரிப்பும் படிந்திருக்கக்கூடும். அங்கே சீலைத் திடீரென்று தள்ளினால் அது சேதமாகலாம்.

லீவர் தன் நிலைக்கு வந்த பிறகு, எஞ்சினை நிறுத்திவிட்டு அதை அழுத்திப் பாருங்கள். சிறிது தூரத்திலேயே லீவர் கெட்டியாக நின்றுவிடுகிறது, ஆனால் ஓடும்போது வண்டி நிற்க மறுக்கிறது என்றால், அழுத்தம் பேடு வரை ஒழுங்காகப் போகிறது. கோளாறு பேடும் டிஸ்கும் உரசும் பரப்பில்தான் இருக்கிறது. லீவர் மெத்தென்று அமுங்கி, கைப்பிடியை நெருங்கிய பிறகே ஓரளவு பிடிக்கிறது என்றால், அழுத்தம் வழியில் எங்கோ வீணாகிறது. காலிப்பர் நகராமல் இருக்கலாம், பேட் கோணலாக உட்கார்ந்திருக்கலாம், காற்றும் இருக்கலாம். மூன்றாவது வகை ஒன்று உண்டு. லீவரை வலுவாக இழுத்து ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருக்கும்போது, அது மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கிக்கொண்டே போனால், எங்கோ ஆயில் கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் சீல் அழுத்தத்தைத் தாங்காமல் விட்டுக்கொடுக்கிறது. இந்த மூன்றாவது வகை வண்டியைச் சாலையில் ஓட்டவே கூடாது. மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்துப் பழக்கமில்லாதவர்கள் அதை மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிடுவதே முறை.

லீவர் கெட்டியாக இருந்தும் பிடிப்பு இல்லாதபோது

பேட் மாற்றியவர்கள் அதிகம் சந்திக்கும் நிலை இதுதான். இதில் மிக எளிய காரணம், பேட் இன்னும் செட் ஆகவில்லை என்பது. புதிய பேடின் பரப்பு தட்டையானது. பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய டிஸ்கின் பரப்போ அப்படி இருப்பதில்லை. அதில் வட்ட வட்டமாக நுண்ணிய பள்ளங்கள் விழுந்திருக்கும். பேட் படாத வெளி விளிம்பும் உள் விளிம்பும் சற்று மேடாக நிற்கும். பழைய பேட் அந்த மேடுபள்ளங்களுக்கு ஏற்பவே தேய்ந்து, முழுப் பரப்பும் பொருந்திப் போயிருந்தது. புதிய பேடோ மேடுகளின் உச்சியில் மட்டுமே உட்காருகிறது. பெயருக்கு முழுப் பேட் அழுத்தினாலும், உண்மையில் உரசுவது அதில் ஒரு பகுதிதான். அதோடு, பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்கின் மீது சீராகப் படிந்த பிறகுதான் உராய்வு அதன் முழு அளவை எட்டும். இந்த இரண்டும் முடியும்வரை பிடிப்பு குறைவாக இருப்பது இயல்பு. செட் செய்யும் முறையைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் செட் ஆகாத பேடிலும் ஓரளவு பிடிப்பு இருக்கவே செய்யும். லீவரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகிறது என்றால், பேடின் மீதோ டிஸ்கின் மீதோ எண்ணெய்ப் பசை பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் செய்யும் வேலையில் இதற்கு வாய்ப்பு மிக அதிகம். பின்களுக்குக் கிரீஸ் தடவிய அதே விரலால் பேடின் முகத்தைப் பிடித்திருப்போம். பிஸ்டனைத் தள்ளும்போது பொங்கிய பிரேக் ஆயில் வழிந்திருக்கும். சக்கரம் பளபளக்கட்டும் என்று அடித்த பாலிஷின் சாரல் டிஸ்கின் மீது விழுந்திருக்கும். துரு இளகட்டும் என்று போல்ட்டுகளுக்கு அடித்த எண்ணெய் ஸ்பிரே காலிப்பருக்குள் இறங்கியிருக்கும். டிஸ்கையும் சேர்த்துப் புதிதாக மாற்றியிருந்தால், துருப்பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் பூசிய எண்ணெயைத் துடைக்காமலேயே பொருத்திவிட்டோமா என்று யோசிக்க வேண்டும்.

டிஸ்கைத் துடைக்க, பிரேக் கிளீனர் என்றே விற்கும் ஸ்பிரேயையோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையோ, நூல் உதிராத சுத்தமான வெள்ளைத் துணியில் நனைத்துப் பயன்படுத்துங்கள். துணியில் கறுப்பு ஏறாமல் வரும்வரை, ஒவ்வொரு முறையும் துணியின் புதிய பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, இரு பக்கமும் துடைக்க வேண்டும். நம் ஊரில் எதைக் கழுவவும் பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் எடுப்பது வழக்கமாகிவிட்டது. பிரேக்கில் இரண்டுமே வேண்டாம். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும்; பெட்ரோல் தீப்பிடிக்கும் என்பதோடு, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீலின் மீது பட்டால் அதை ஊதவைக்கும். கை கழுவும் சானிடைசரிலும் ஆல்கஹால் இருக்கிறதே என்று சிலர் அதைக்கொண்டு துடைக்கிறார்கள். சருமம் வறளாமல் இருக்க அதில் கிளிசரின் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். அது டிஸ்கின் மீது படலமாகத் தங்கிவிடும்.

டிஸ்க் உலோகம் என்பதால் துடைத்தால் சுத்தமாகிவிடும். பேடின் கதை வேறு. அதன் பொருளில் நுண்துளைகள் உண்டு. பட்ட எண்ணெயை அவை உள்ளே இழுத்துக்கொள்ளும். விரல் ரேகை அளவுக்கு மேலோட்டமாகப் பட்ட பசை என்றால், சமதளமான கண்ணாடியின் மீது 120 எண் உப்புத்தாளை விரித்து, பேடின் முகத்தை அதில் எட்டு வடிவில் மெல்லத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்துப் பொருத்திப் பார்க்கலாம். எண்ணெயோ கிரீஸோ ஊறியே போயிருந்தால் அந்த ஜோடியைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்குவதைத் தவிர வழியில்லை. சில பட்டறைகளில் பேடின் மீது நெருப்பைக் காட்டி எண்ணெயை 'எரித்து எடுப்பதை' பார்த்திருப்பீர்கள். பேடின் துகள்களைப் பிணைத்திருக்கும் பிசின் அந்தச் சூட்டில் கெட்டுப்போகும். ஆழத்தில் ஊறிய எண்ணெயோ அப்படியே இருந்து, அடுத்த முறை பேட் சூடாகும்போது வெளியே வரும். சில நூறு ரூபாய் மிச்சமாவதற்காக முன் பிரேக்கைப் பணயம் வைப்பது சரியான கணக்கு அன்று. பேடைத் தேய்க்கும்போது கிளம்பும் தூளை வாயால் ஊதக் கூடாது. முகக்கவசம் அணிந்துகொண்டு, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

பேடின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால், அது சூட்டில் இறுகி மெருகேறிவிட்டது என்று பொருள். வழுவழுப்பாகிவிட்ட அம்மியில் மிளகாய் அரைபடாமல் வழுக்குவதைப் போலத்தான் அந்தப் பேடும் டிஸ்கின் மீது வழுக்கும். அம்மியைக் கொத்துவது போல இதையும் உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். போட்ட முதல் நாளே பேட் இப்படி ஆவதற்கு இரண்டு காரணங்கள் முக்கியமானவை. ஒன்று, செட் ஆவதற்குள் நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குவது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் புதுப் பேடுக்கு ஏற்ற இடம் அல்ல. மற்றொன்று, லீவரை விட்ட பிறகும் பேட் டிஸ்கை விடாமல் உரசிக்கொண்டே இருப்பது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுழற்றினால் அது மெல்லிய உரசல் ஒலியோடு சில சுற்றாவது சுற்ற வேண்டும். கையை எடுத்ததும் நின்றுவிட்டால் பேட் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படி ஒட்டுவதற்கு, ஆயில் தொட்டி நிரம்பி வழிவதுகூடக் காரணமாகலாம். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வருவதால் தொட்டியில் ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு. இதை அறியாமல் இடையில் யாராவது ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால், புதிய பேடுக்காகப் பிஸ்டனைத் தள்ளும்போது அந்த ஆயில் திரும்பிவந்து தொட்டியை விளிம்பு வரை நிறைத்துவிடும். சூட்டில் ஆயில் விரிவடைய இடமில்லாமல் போனால், லீவரைத் தொடாமலேயே பிரேக் பிடித்துக்கொள்ளும். மேல் கோட்டுக்கு மேலிருக்கும் ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வழிந்த ஆயில் டேங்கின் பெயின்டில் பட்டிருந்தால் துடைப்பதோடு நிற்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அது பெயின்டை உரித்துவிடும். வேறு வகை லீவர் மாற்றியிருந்தால், அதன் நுனியில் சிறிது வெற்று அசைவு இருக்கிறதா என்றும் பாருங்கள். அசைவே இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் எப்போதும் சற்று அழுந்தியே இருக்கும். ஆயில் தொட்டிக்குத் திரும்பும் துளை அடைபட்டு, பேட் டிஸ்கை விடாது.

எல்லாம் சுத்தமாக இருந்தும் பிடிப்பு போதவில்லை என்றால் பேடின் தரத்தைப் பார்க்க வேண்டியதுதான். பல பேடுகளின் முதுகிலோ ஓரத்திலோ இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எழுத்து வழக்கமான சூட்டிலும் இரண்டாவது எழுத்து மிகுந்த சூட்டிலும் அந்தப் பொருளின் உராய்வு எண்ணைக் குறிக்கும்: ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. முன்பு இருந்தது ஜிஜி, இப்போது போட்டது ஈஎஃப் என்றால், நீங்கள் உணரும் வேறுபாடு கற்பனை அல்ல. எந்தக் குறியும் இல்லாமல், பெட்டியின் மீது அச்சு மங்கலாக, பாதி விலைக்குக் கிடைக்கும் பேடைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வண்டி நிறுவனத்தின் அசல் பேடையோ, பெயர் பெற்ற பிரேக் தயாரிப்பாளரின் பேடையோ, நம்பகமான கடையில் பில்லோடு வாங்கிப் போட்டுவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

டிஸ்கையும் விட்டுவிடக் கூடாது. அதன் மீது குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து, அந்த எண்ணுக்குக் கீழே போயிருந்தால் டிஸ்கை மாற்ற வேண்டும். சாதாரண வெர்னியர், தேயாத விளிம்பின் மேல் உட்கார்ந்து அதிகத் தடிமன் காட்டும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

பேடைச் செட் செய்யும் முறை

போக்குவரத்து இல்லாத, நேரான, உலர்ந்த சாலை வேண்டும். விடியற்காலை நல்ல நேரம். பழைய டிஸ்கில் முந்தைய பேடின் படிவு திட்டுத்திட்டாக இருந்தால், முதலில் 120 முதல் 220 எண் வரையிலான எமரித் தாளால் இரு பக்கமும் வட்டமாக லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். பிறகு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, முன் பிரேக்கை மட்டும் நடுத்தர அழுத்தத்தில் சீராகப் பிடித்து, வேகத்தை 10 அல்லது 15 கிலோமீட்டர் வரை குறைத்து, முழுவதும் நிற்பதற்கு முன்பே லீவரை விட்டுவிட வேண்டும். அரை கிலோமீட்டர் அளவுக்குப் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி, காற்றில் டிஸ்கை ஆறவிட்டு, மீண்டும் அதே போலச் செய்ய வேண்டும். ஏறத்தாழ பத்து முறை இப்படிச் செய்யும்போது, ஒவ்வொரு முறையும் பிடிப்பு சற்றுச் சற்றாக ஏறுவதைக் கையிலேயே உணரலாம்.

இதில் பலர் செய்யும் பிழை, சூடான டிஸ்கின் மீது லீவரை அழுத்திப் பிடித்தபடி முழுவதும் நின்றுவிடுவது. அப்போது பேடின் பொருள் அந்த ஓரிடத்தில் மட்டும் தடித்து ஒட்டிக்கொண்டு, பின்னர் ஒவ்வொரு சுற்றிலும் லீவரில் துடிப்பாகத் தெரியும். செட் செய்து முடித்த பிறகு சுமார் 200 கிலோமீட்டர் வரை, அவசரம் நேர்ந்தாலன்றி கடுமையாகப் பிரேக் பிடிக்காமல், முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விட்டு ஓட்டுங்கள். நகரத்துக்குள் மட்டுமே ஓட்டுபவர்களுக்கு இந்தத் தூரம் ஓரிரு வாரத்தில் தானே ஓடிவிடும். அதற்குப் பிறகும் பழைய பிடிப்பு வரவில்லையென்றால், 'இன்னும் செட் ஆகும்' என்று காத்திருப்பதில் பொருளில்லை. பேடைக் கழற்றி அதன் முகத்தைப் பாருங்கள். பளபளப்பு, கறை, ஓரத்தில் மட்டும் தேய்வு ஆகிய மூன்றில் ஒன்று கண்ணில் படும்.

லீவர் மெத்தென்று அமுங்கும்போது

இங்கேயும் காற்றைத் தேடுவதற்கு முன், காலிப்பரின் பின்பக்கமாக டார்ச் அடித்து, பேடுகள் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். இரண்டு பேடும் டிஸ்குக்கு இணையாக இருக்க வேண்டும். பேடின் ஒரு முனை, காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் உள்ள தகட்டுக்குள் சரியாக நுழைய வேண்டும். பேடுக்கு மேலிருக்கும் ஸ்பிரிங் தகடு தலைகீழாகவோ இடம் மாறியோ இருந்தால் அந்த முனை வெளியே தங்கிவிடும். அப்போது பேட் கோணலாக நிற்கும். லீவரை அழுத்தும்போது முதலில் அது நிமிர வேண்டும், அதற்கே லீவரின் பாதித் தூரம் போய்விடும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும், வேறொரு மாடலுக்கான பேடில் பின் துளை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். அதைத் தட்டி உள்ளே நுழைத்திருந்தாலும் இதே விளைவுதான். பேடின் இரும்புத் தகட்டை டிஸ்கைப் பார்க்கப் போட்டுவிடுவதும் எங்காவது நடக்கவே செய்கிறது; இரும்போடு இரும்பு உரசும் சத்தமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது காலிப்பர் நகரும் பின்கள். பேட் தேயும்தோறும் காலிப்பர் உடல் பின்களின் மேல் சிறிது சிறிதாக ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். தடித்த புதிய பேட் வந்ததும் அது திடீரென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த இடத்திலோ காய்ந்துபோன கிரீஸும் துருவும் காத்திருக்கும். நேற்று வரை நன்றாக வேலைசெய்த காலிப்பர், பேட் மாற்றிய அன்றே சிக்கிக்கொள்வதற்குக் காரணம் இதுதான். சிக்கிய காலிப்பரில் பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் டிஸ்கைத் தள்ளும்; டிஸ்க் வளைந்துகொடுக்கும்; லீவர் மெத்தென்று இருக்கும்; வண்டியும் நிற்காது. காலிப்பர் போல்ட்டுகளைக் கழற்றி, உடலைப் பிராக்கெட்டின் மேல் கையால் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். விரல் வலுவுக்கே அது வழுக்கிப் போக வேண்டும். போகாவிட்டால் பின்களை வெளியே எடுத்து, பழைய கிரீஸை முழுவதும் துடைத்து, துருவை நுண்ணிய எமரியால் நீக்கி, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரணக் கிரீஸைத் தடவினால் பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறை ஊதிப்போய், சில மாதங்களில் மீண்டும் சிக்கிக்கொள்ளும். உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும், இல்லையேல் அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும்.

பிஸ்டனும் இதே போன்றதுதான். அதைச் சுற்றியுள்ள சதுர வெட்டுச் சீல், பிஸ்டன் வெளியே வரும்போது சற்று முறுகி, லீவரை விட்டதும் தன் நிலைக்குத் திரும்புவதால் பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். பிரேக் தூளும் சேறும் படிந்த பிஸ்டனைத் துடைக்காமல் அப்படியே உள்ளே தள்ளியிருந்தால், அது சீலோடு ஒட்டிக்கொண்டு தேவைக்கு மேல் பின்னுக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் லீவர் நீண்ட தூரம் போன பிறகே பேட் டிஸ்கைத் தொடும். இரண்டு பிஸ்டன் உள்ள காலிப்பரில் ஒன்று சிக்கி மற்றொன்று மட்டும் வேலைசெய்வதும் உண்டு. பேடைக் கழற்றிவிட்டு, பழைய பேட் ஒன்றையோ மெல்லிய மரச்சட்டத்தையோ காலிப்பருக்குள் தடுப்பாக வைத்து, லீவரை மெல்ல இழுத்துப் பிஸ்டனைச் சில மில்லிமீட்டர் வெளியே கொண்டுவாருங்கள். தடுப்பில்லாமல் இழுத்தால் பிஸ்டன் முழுவதும் வெளியே வந்து ஆயில் கொட்டிவிடும். வெளியே தெரியும் பகுதியைப் பழைய பல்துலக்கியால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, துடைத்து, அதன்மேல் புதிய பிரேக் ஆயிலை ஒரு துளி தடவி, கையால் உள்ளே தள்ளுங்கள். இரண்டு மூன்று முறை இப்படி வெளியே எடுத்து உள்ளே விட்டால் பெரும்பாலான பிஸ்டன்கள் இளகிவிடும். பிஸ்டனின் மேற்பூச்சில் குழி விழுந்திருந்தாலோ சீலின் ஓரத்தில் ஆயில் கசிந்தாலோ, சீல் கிட்டோடு மாற்றுவதற்குப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

ஏர் எடுக்கும் முறை

மேலே சொன்ன அனைத்தும் சரியாக இருந்து, லீவரை வேகமாக நான்கைந்து முறை இழுக்கும்போது மட்டும் கெட்டிப்பட்டு, சற்று நேரத்தில் மீண்டும் மெத்தென்று ஆகிவிட்டால், உள்ளே காற்று இருக்க வாய்ப்புண்டு. பிஸ்டனைத் தள்ளுவதற்காக நிப்பிளைத் திறந்தவர்களுக்கும், ஆயில் தொட்டி வற்றும் அளவுக்கு லீவரை இழுத்தவர்களுக்கும் இது நேரும். எப்படியும் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தாலோ, அது கறுத்திருந்தாலோ, இதே வேலையில் முழு ஆயிலையும் மாற்றிவிடுவது நல்லது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது; சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இதை நினைவில் வைக்க வேண்டும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக்குறிப்பு, சுமார் 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் காலிப்பர் சூடேறும்போது பழைய ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், லீவர் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

தொட்டி மூடியில் பொறித்திருக்கும் வகையையே வாங்குங்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை கிளைக்கால் அடிப்படையிலானவை. டாட் 5 சிலிகான் அடிப்படையிலானது, மற்றவற்றோடு அதைக் கலக்கவே கூடாது. என்றோ திறந்து வைத்த பாட்டிலில் மீந்திருப்பதையும் பயன்படுத்த வேண்டாம். எஞ்சின் ஆயிலோ வேறெந்த எண்ணெயோ ஒரு கரண்டி விழுந்தாலும் எல்லா ரப்பர் சீலும் ஊதிப்போய், முழு அமைப்பையும் மாற்ற வேண்டிவரும்.

வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, ஆயில் தொட்டி சமமாக இருக்கும்படி ஹேண்டில்பாரைத் திருப்பி, டேங்கின் மீது கனமான துணி போர்த்துங்கள். நிப்பிளின் மீது பொருந்தும் ஸ்பேனரை, பல வண்டிகளில் அது 8 மில்லிமீட்டர், முதலில் மாட்டிவிட்டு, அதன் பிறகு நிறமற்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகி, குழாயின் மறுமுனையைச் சிறிது ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கும்படி வையுங்கள். லீவரை நிதானமாக மூன்று முறை இழுத்து, மூன்றாவது இழுப்பில் அப்படியே பிடித்துக்கொண்டு, நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். குமிழியோடு ஆயில் வெளியே வரும், லீவர் இறங்கும். லீவரை விடுவதற்கு முன்பே நிப்பிளை மூடிவிட வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும்; உதவிக்கு இன்னொருவர் இருந்தால் 'பிடி', 'விடு' என்று சொல்லிச் சொல்லிச் செய்வது எளிது. தொட்டியில் ஆயில் கீழ்க் கோட்டுக்குக் கீழே இறங்காமல் அடிக்கடி ஊற்றிக்கொண்டே, குழாயில் குமிழியற்ற தெளிந்த ஆயில் வரும்வரை தொடர வேண்டும். முன் பிரேக்குக்கு 100 மில்லி லிட்டர் பாட்டில் பொதுவாகப் போதும்.

குமிழி வருவது நின்ற பிறகும் லீவர் முழுதாகக் கெட்டிப்படவில்லை என்றால், ஹோஸ் மாஸ்டர் சிலிண்டரோடு சேரும் மேல்முனையில் காற்று தங்கியிருக்கும். ஹோஸையும் காலிப்பரையும் ஸ்பேனரின் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டு, லீவரை விரலால் சிறு சிறு அசைவாக இழுத்துவிட்டால் தொட்டிக்குள் நுண்குமிழிகள் எழுந்து வருவதைக் காணலாம். இரவு முழுவதும் லீவரை ரப்பர் பட்டையால் கைப்பிடியோடு கட்டிவைத்து, காலையில் அவிழ்க்கும் வழக்கமும் மெக்கானிக்குகளிடம் உண்டு. நுண்குமிழிகள் மேலேறிச் சேர்வதற்கு அது உதவும் என்றாலும், ஒழுங்காக ஏர் எடுப்பதற்கு அது மாற்று அல்ல. காலிப்பரில் நிப்பிள் மேல்பக்கமாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிப்பிள் கீழே இருந்தால் மேலே நிற்கும் காற்று எத்தனை முறை முயன்றாலும் வெளியேறாது. அப்போது காலிப்பரைக் கழற்றி, பிஸ்டன் வெளியே வராதபடி பேடுகளுக்கிடையே மரத்துண்டை வைத்து, நிப்பிள் உச்சியில் இருக்கும்படி பிடித்துச் செய்ய வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் கூடுதல் கவனம் வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்திலும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், அண்மைக்கால வண்டிகளில் பெரும்பாலும் அது இருக்கும். சாதாரணமாக ஆயில் மாற்றும்போது மேற்சொன்ன முறையே போதும். ஆனால் தொட்டி முழுவதும் வற்றி, ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால், அதன் வால்வுகளைக் கருவி மூலம் இயக்கித்தான் காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும். அது சர்வீஸ் சென்டர் வேலை.

இரண்டாவது இழுப்பில் மட்டும் சரியாகும் லீவர்

நின்ற இடத்தில் லீவர் நன்றாக இருக்கிறது. சிறிது தூரம் ஓட்டி, குண்டும் குழியுமான சாலையைத் தாண்டிய பிறகு முதல் இழுப்பு ஆழமாகப் போகிறது, உடனே மறுமுறை இழுத்தால் சரியாகிவிடுகிறது என்றால், ஏர் எடுப்பதால் பயனில்லை. டிஸ்க் சற்று வளைந்திருக்கிறது அல்லது சக்கர பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது; சுழலும்போது டிஸ்க் இருபக்கமும் அசைந்து பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. முன்சக்கரத்தைத் தூக்கி, காலிப்பருக்கு அருகே ஒரு குச்சியை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினால், குச்சிக்கும் டிஸ்குக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைவது தெரியும். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் பேரிங்கின் ஆட்டம் கையில் படும்.

பின் டிஸ்க் பிரேக்குக்கும் இவை அனைத்தும் பொருந்தும். அங்கே தனியாகக் கவனிக்க வேண்டியது செயினுக்கு அடிக்கும் லூப் என்ற மசகு ஸ்பிரே. ஸ்பிரேயின் சாரல் டிஸ்கின் மீது விழாதபடி அட்டையை நடுவே பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் இருந்தால், அதன் ஷூவுக்கும் டிரம்முக்கும் கிரீஸ் படாமல் இருப்பதும், கம்பியின் நட்டைத் திருகிப் பெடலின் வெற்று அசைவைக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கொண்டுவருவதுமே முக்கியம்.

சாலையில் இறங்குவதற்கு முன்

காலிப்பர் போல்ட், பேட் பின், நிப்பிள் ஆகியவற்றை உரிமையாளர் கையேட்டில் அல்லது சர்வீஸ் கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு இறுக்கியாயிற்றா என்று பாருங்கள். லீவரை வலுவாக இழுத்துப் பிடித்தபடி, ஹோஸின் இரு முனைகளிலும் நிப்பிளிலும் வெள்ளைத் தாளை ஒற்றிப் பார்த்து, ஈரம் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். பிறகு எஞ்சினை இயக்காமல் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டே முன் பிரேக்கைப் பிடித்தால், முன் ஃபோர்க் அமுங்கி வண்டி உடனே நிற்க வேண்டும். அதன் பின் ஆளில்லாத மைதானத்திலோ முட்டுச்சந்திலோ, ஹெல்மெட் அணிந்து, மணிக்கு 20 கிலோமீட்டரில் பின் பிரேக்கைத் தயாராக வைத்துக்கொண்டு முன் பிரேக்கைச் சோதியுங்கள். அது சரியாக இருந்தால் மட்டுமே 40 கிலோமீட்டரில் சோதிக்கலாம்.

முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை நின்று, டிஸ்க் ஆறியதும், அதன் இரு பக்கமும் ஒரே சீரான சாம்பல் நிறத்தில் இருக்கின்றனவா, உள்பேடும் வெளிப்பேடும் ஒரே அளவு தேய்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளத்து மறுபக்கத்தில் பழைய துருக்கோடுகள் அழியாமல் இருந்தால், காலிப்பர் பின்களில் ஒன்று மறுபடியும் சிக்கியிருக்கிறது. நிப்பிளின் ஓரத்தில் ஈரம் தெரிந்தால் அதை மேலும் மேலும் முறுக்க வேண்டாம். சிறிய நிப்பிள் காலிப்பருக்குள்ளேயே முறிந்துவிடக்கூடும். அதைக் கழற்றிப் புதிய நிப்பிளைப் போட்டு, அந்தப் பக்கம் மட்டும் மீண்டும் ஏர் எடுத்துவிடுங்கள்.